மாடி வீட்டு அண்ணனுக்கு நெட் வந்த கதை

அப்பாவுக்கு ஊர் நிலத்தின் வில்லங்கச் சான்று பிரிண்ட் போட வேண்டும். நெட் நம்ம வீட்டில், பிரிண்டர் மாடி வீட்டு அண்ணனிடம். அது அவர் வைஃபையில்தான் இருக்கிறது, அவரோ நெட்டுக்குப் பணம் கட்டி மாசக்கணக்காகிறது, ரவுட்டர் மட்டும் விளக்கெரிந்து மானத்தைக் காப்பாற்றுகிறது. சரி, சான்றை இறக்கிவிட்டு வைஃபையை மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அப்பா ஒன்றோடு நிறுத்துகிறவரா? பிரிண்ட் வரும்போதுதான் பட்டா ஞாபகம் வரும், பட்டா வந்ததும் புலப்படம். ஒவ்வொன்றுக்கும் நான் இங்கே துண்டித்து அங்கே போய், அங்கே துண்டித்து இங்கே வந்து.

அக்கா பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, லேப்டாப்ல இருக்கிற ஒரே வைஃபை கார்டுல ரெண்டு வைஃபைக்கும் போலாம்."

போகலாமாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2004-லேயே மல்டிநெட் என்று கட்டுரை எழுதிவிட்டார்களாம். ஒரு ரவுட்டரிடம் 'கொஞ்சம் தூங்கப் போறேன், எனக்கு வர்றதை எடுத்து வை' என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் அடுத்த சேனலில், அதாவது வேறு அலைவரிசையில், இருக்கிற ரவுட்டரிடம் போய் வருவது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் இங்கே மொய் வைத்துவிட்டு அங்கே பந்தியில் உட்காருகிற எங்கள் பெரியப்பாவுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் பழைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், ஏதெரோஸ் கார்டு. கார்டுக்கு என்னென்ன வரும் என்று காட்டுகிற 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையை அடித்துப் பார்த்தான். இரண்டு இணைப்பு சரி, ஆனால் சேனல் தாவுகிற வித்தை இதற்கு வராது, இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். நம்முடையது 1, அண்ணனுடையது 11. மாடிக்கு ஓடி அதை 1 ஆக்கினான். அப்புறம் பார்த்தால் இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி, இரண்டும் 'நான்தான் 192.168.1.1' என்கின்றன. மறுபடி மாடி. அதையும் மாற்றி வந்தால் நம்ம நெட்டும் போச்சு: லேப்டாப் ஜிமெயிலுக்கு வழி கேட்டுப் பணம் கட்டாத ரவுட்டரிடம் போய் நிற்கிறது. நெட்டுக்கு நம்ம ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்று ரவுட்டை, அதாவது வழியை, மாற்றி எழுதினான். அதற்கப்புறம் எல்லாம் பிரமாதம். அப்பா புலப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "எழுத்து சின்னதா இருக்கே" என்றார்.

பையன் அத்தோடு விட்டானா? மாடிக்குப் போய்வந்த நேரத்தில் அத்தை காபி கொடுத்தாராம், முறுக்கு கொடுத்தாராம். அந்த விசுவாசத்தில் நம்ம நெட்டை லேப்டாப் வழியாக மாடிக்குத் திருப்பிவிட்டு, அண்ணன் போனில் என் லேப்டாப்பை நெட்டுக்கு வாசலாக்கி, கேட்வே வரைக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

நேற்று ராத்திரி படுக்கப் போகும் நேரம் கதவு தட்டுகிறது.

"தம்பி, லேப்டாப்பை மூடிட்டீங்களா? மேட்ச் கடைசி ஓவர்."