குழம்புக்கு என்ன வழி?

சென்னை சைதாப்பேட்டையில் இருந்தவரை சித்தி வீட்டில் காய் சேர்த்து வைத்து நான் பார்த்ததே இல்லை. அடையாற்றங்கரையில் வீடு, ஐந்து நிமிடம் நடந்தால் மார்க்கெட். வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் போவார், அந்த நேரத்தில் மிச்சமிருப்பதைக் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள், கையில் இருபது ரூபாய் இருந்தால் அன்றைய குழம்பு ஆயிற்று. அதுவும் இல்லாத நாளில் அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதிக்கொள்வார்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றங்கரைக்காரர்களை நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். சித்திக்கு ஆறாவது மாடி. உறுதியான வீடு, உள்ளேயே கழிப்பறை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புது இடத்தில் யார் நம்பிக் கடன் கொடுப்பார்கள்? கீழே இருக்கும் சின்னக் கடையில் தக்காளி வாடியிருக்கும், விலையும் கூடுதல். கடைக்காரரைச் சொல்லியும் பயனில்லை, கோயம்பேட்டிலிருந்து அவ்வளவு தூரம் வண்டி வைத்துக் கொண்டுவந்து அவர் விற்பதே கால் கிலோ, அரைக் கிலோதான்.

அதனால் சித்தி வீட்டுவேலைக்குப் போகும் சைதாப்பேட்டையிலேயே காய் வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் சுமந்து வருகிறார். 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், பெரிய உதவி அது. லிஃப்ட் நின்றுபோன நாளில் அந்தப் பையோடு ஆறு மாடி ஏறுவதுதான் கொடுமை. மீன் வாங்குவதையே விட்டுவிட்டார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்களாம்.

ரேஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அது மட்டும் இல்லையென்றால் இந்தக் குடும்பங்கள் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. ஆனால் கீரையும் முட்டையும் மீனும் ரேஷனில் வராதே. சோறு நிறைய, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்று எத்தனை வீடுகளில் ஓடுகிறது! சித்திக்குச் சர்க்கரை வேறு. சோற்றைக் குறைத்துக் காய் சாப்பிடுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்.

பக்கத்து பிளாக் அக்கா ஒருவர், முன்பு சைதாப்பேட்டையில் கீரை விற்றவர், இப்போது பிளாக் வாசலில் சாக்கு விரித்து உட்காருகிறார். அடிக்கடி எழுப்பி விட்டுவிடுகிறார்கள். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த அக்காவைப் போன்றவர்கள் சாயங்காலம் நிம்மதியாக உட்கார ஓர் இடமும் மழைக்கு ஒரு கூரையும் கொடுத்தால், சித்தி முருங்கைக்கீரையைச் சைதாப்பேட்டையிலிருந்து தூக்கிவர வேண்டாம்.