காடாத் துணியில் ஒரு சயனைடு மலை

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. 30-க்கு 15 அடி படம் என்றால் மூன்று துண்டாக அடித்து ஒட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கையில் கொடுத்துவிடுவேன். பையனின் பள்ளியில் ஆண்டு விழா நாடகத்துக்குப் பின்படுதா கேட்டார்கள். "ஃப்ளெக்ஸ் வேண்டாம் மேடம், பசங்களை வைத்துத் துணியிலேயே எழுதிடலாம்" என்று நானே சொன்னேன். ஃப்ளெக்ஸ் மினுக்கும், மேடை லைட் அதில் பட்டால், நடிக்கிறவன் தலைக்குப் பின்னால் டியூப்லைட் மாட்டின மாதிரி இருக்கும். அவர்களிடம் சொன்ன காரணம் அது. சொல்லாதது, நான் கோலார் தங்கவயல்காரன், அங்கே ராபர்ட்சன்பேட்டையில் போர்டு எழுதுகிற ஒருத்தரிடம் மூன்று வருஷம் பிரஷ் கழுவியவன் என்பது. நாடகமும் தங்கவயல் கதைதான்.

1902-இல் காவிரி அருவி இருக்கிற சிவசமுத்திரத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த ராத்திரியில் கதை தொடங்கும். பெங்களூருக்கே 1905-இல்தான் கரண்ட். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடுவதோடு முடியும். மூன்று தலைமுறைக்கும் பின்னால் ஒரே படுதா: சயனைடு மலை, ஓரத்தில் சுரங்கக் குழிக்கு மேல் நிற்கிற ஷாஃப்ட் கோபுரம். பார்க்காதவர்களுக்கு: அது மலை இல்லை. பாறையை அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும்.

சிக்பேட்டையில் காடாத் துணி எடுத்தேன். மூன்று அகலத்தைச் சேர்த்தால்தான் 15 அடி உயரம் கிடைக்கும். தையலைக் குறுக்கே போடச் சொன்னால் டெய்லர், "திரைச்சீலைக்கு நெடுக்கத்தான் தைக்கணும்" என்று அடம்பிடித்தார். நெடுக்கத் தையல் தொங்கும்போது சுருக்கம் காட்டும். குறுக்குத் தையலைக் கீழே போடுகிற பைப்பின் கனமே இழுத்து நேராக்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்த ஆள் செய்த தப்பைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை துணி வந்தது, வெள்ளை எமல்ஷன் திங்கட்கிழமைதான் வரும். ஒன்பதாவது பத்தாவது பசங்கள் பதினாறு பேர் பேட்மின்டன் ஹாலில் வெறுங்காலோடு துறுதுறுவென்று நிற்கிறார்கள். சரி, கட்டமாவது போடுவோம் என்று கயிற்றில் நீலப் பொடியைத் தேய்த்து, இரண்டு முனையிலும் இருவர் பிடிக்க, நடுவில் ஒருத்தி இழுத்துத் தட்ட, அடிக்கொரு கோடு. மொத்தம் 450 கட்டம். படீர் படீரென்று கயிறு அடிக்கிற சத்தத்துக்காகவே வரிசையில் நின்றார்கள். நானும் சினிமா பேனர் காலத்துக் கதையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எமல்ஷனில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசினோம். நீலம் கரைந்து வெள்ளையோடு கலந்தது. அது போதாதென்று துணி சுருங்கியது. ஆணி அடிக்க முடியாத தரை. டேப் எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. காலையில் அளந்தால் 29 அடி 3 அங்குலம், ஓரமெல்லாம் அலை அலையாக. காடா நனைந்தால் சுருங்கும் என்பது பாவாடை தைக்கிறவர்களுக்கே தெரியும். முதலில் நனைத்து இழுத்துக் காயவிட்டு, வெள்ளை அடித்து, அப்புறம்தான் கட்டம். என் வாத்தியார் இருந்திருந்தால் பிரஷ் கட்டையாலேயே போட்டிருப்பார்.

மேல் பக்க நீலத்தை வானம் என்று விட்டுவிட்டோம். கீழே மலை வருகிற இடத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு பூச்சு வெள்ளை. அடிக்கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கிற அகலத்தை 30 பங்காகப் பிரித்து, இந்தத் தடவை அடுப்புக்கரியில் கோடு.

வரைவது சீக்கிரம் முடிந்தது. கலர்தான் பாடாய்ப் படுத்தியது. மலைக்கு மஞ்சள் காவி, துளி கறுப்பு, நிறைய வெள்ளை. ஒரு வாளி பாதியில் தீர்ந்து, இரண்டாவதைக் கண்ணளவில் கலந்தோம். ஈரத்தில் ஒன்றாய்த் தெரிந்தது. காய்ந்ததும் மலை நடுவில் தெளிவாக ஒரு எல்லைக்கோடு. எமல்ஷன் காயக் காய நிறம் அடர்த்தியாகும். ஒரே வாளியில் கலக்காவிட்டால் இந்தக் கதிதான்.

அந்தக் கோட்டை மறைக்க மாடியில் கிடந்த தென்னந்துடைப்பத்தைக் கொண்டுவந்தேன். நுனியை நீர்த்த காவியில் தோய்த்து, "வாசல் தெளிக்கிற மாதிரி தெளிங்க" என்றேன். எல்லாரும் முழித்தார்கள். பத்தாவது மாடியில் இருக்கிற பிள்ளைகள், வாசல் தெளித்து எப்போது பார்த்தார்கள்? அல்சூரில் பாட்டி வீட்டில் வளர்கிற ஒரு பெண் மட்டும் வாங்கிக்கொண்டு, மணிக்கட்டை வீசி வீசித் தெளித்தாள். புள்ளிகள் சிதறி விழுந்த இடமெல்லாம் மலை மண்ணாக மாறிக்கொண்டே வந்தது. மிச்சப் பேர் தங்கள் முறைக்குச் சண்டை போட்டார்கள்.

கிட்டே நின்றால் வெறும் அழுக்கு. கோபுரத்தில் ஒவ்வொரு நட்டாகப் போட்டுக்கொண்டிருந்த என் பையனிடம் செல்போனைக் கொடுத்து, கேலரியில் ஏறி ஒரு போட்டோ எடு என்றேன். பார்த்துவிட்டு வந்தவன் மறுபேச்சில்லாமல் நட்டை எல்லாம் அழித்தான். அதன் பிறகு பிரஷ்ஷை மாப் குச்சியில் கட்டி, எல்லாரும் நின்றுகொண்டே எழுதினார்கள்.

"அங்கிள், 1902-ல இந்த மலை இவ்ளோ பெருசா இருந்திருக்காதே?" துடைப்பக்காரிதான். நியாயமான கேள்வி.

"அந்த சீன்ல மலை மேல லைட் போடாதீங்கம்மா" என்றேன். அப்படியே செய்தார்கள். முதல் காட்சியில் நீல வெளிச்சத்தில் கோபுரத்தின் நிழல் மட்டும். கடைசிக் காட்சியில் மஞ்சள் விளக்கு மெல்ல ஏற, மேடு முழுசாக எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "மாரிக்குப்பம் ரயில்ல இறங்கினா இப்படித்தான் தெரியும்" என்றார். வானத்தில் அழியாமல் நின்ற நீலக்கோடு ஒன்று எனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் மடித்துக் கட்டப் போனார்கள். விடவில்லை, மடித்தால் பெயிண்ட் வெடிக்கும். பி.வி.சி. குழாயில் சுற்றினோம். அந்த நீளத்துக்குப் படிக்கட்டில் திரும்பவில்லை. பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கினோம், கீழே பதினாறு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளியில் வைக்க இடமில்லையாம். என் கடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் ரோல்களுக்கு மேல் கிடக்கிறது, ஒரு முனை இரண்டடி சந்துக்குள் நீட்டிக்கொண்டு.