ஃபிட்னஸ் பேண்ட் தரவை முழுக்க அழித்த கதை

பேண்ட் கட்டுவதை விட்டாயிற்று, சேர்ந்த தரவையும் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது ஓரிடத்தில் இல்லை. பேண்டில் சில நாள் பதிவு, போன் செயலியில் ஒரு நகல், நிறுவனத்தின் சர்வரில் முழு வரலாறு, போதாக்குறைக்கு, உடல்நலச் செயலிகளுக்கிடையே தரவைப் பகிரும் ஹெல்த் கனெக்டிலும் ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியிலும் ஆளுக்கொரு பிரதி. செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் சர்வரில் இருப்பது அசையாது.

முதலில் எல்லாவற்றையும் பதிவிறக்கிப் பார்த்தேன். இதயத் துடிப்புக் கோப்பில் சில விநாடிக்கு ஒரு வரி: நேரம், துடிப்பு, மறுபடி நேரம், துடிப்பு. நேரம் நம்மூர்க் கணக்கில் இல்லாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்ததால் தூங்கிய வேளையெல்லாம் தள்ளிப்போய்க் கிடந்தது. அதைவிட உறுத்தியவை, ஓடிய பாதையைப் பதிந்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புகள். ஓட்டங்கள் எல்லாம் என் வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிகின்றன. ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்திலும் யார் பெயரும் இல்லை. ஆனால் வீரர்கள் ஓடிய தடங்களே ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தன.

அழிப்பதில் வரிசை முக்கியம். செயலிகள் தங்களுக்குள் தரவைப் பகிரக் கொடுத்திருந்த அனுமதிகளை முதலில் ரத்து செய்தேன். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் அழித்தது அடுத்த சிங்க்கில் (தரவு ஒத்திசைவில்) அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துவிடும். அனுமதியை எடுத்தால் இனிமேல் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே போனதை அங்கங்கே போய்த்தான் அழிக்க வேண்டும். அப்புறம், கணக்கு இருக்கும்போதே பேண்டை அதிலிருந்து விலக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்தேன்.

கடைசியாகக் கணக்கு. 'முடக்கு' கண்ணில் படும்படி இருந்தது. 'நீக்கு' எங்கோ உள்மெனுவில். ஒளித்து வைப்பதில் இவர்களுக்குத் தனித் திறமை! நீக்கக் கொடுத்த பிறகும் சில நாள் அவகாசம் உண்டு, அதற்குள் லாகின் செய்தால் கோரிக்கை ரத்து. அதனால் பழைய டேப்லெட்டில் திறந்தே கிடந்த செயலியையும் தேடி வெளியேறினேன்.

அழித்தாயிற்றா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு வந்த பதில்: கணக்குத் தரவு நீக்கப்பட்டது, பேக்கப்பில் இருப்பது பிறகு போகும், அடையாளம் நீக்கி, பலருடையதோடு சேர்த்த தொகுப்புத் தரவு மட்டும் இருக்கும். அந்தத் தொகுப்பில் ஓடிய தடங்களும் சேர்த்தியா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.