காயா இலையில் ஒரு ஈ

2024 ஆகஸ்ட் 12, தாம்பரம்

வளாகத்துப் புதர்க்காட்டில் காயா மரங்கள் துளிர்த்திருக்கின்றன. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்தக் காயா, அறிவியலில் மெமிசிலான். இப்போது பூ இல்லை. எனக்கு வேண்டியது இளம் இலையின் அடிப்பக்கம். நரம்பை ஒட்டிக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, வெளிர்பச்சை முடிச்சுகள். காயா இலையில் இலைப்பேன் உண்டாக்கும் முடிச்சும் வரும், ஆனால் அதில் இலையே மடிந்து சுருண்டிருக்கும். இது அப்படி இல்லை.

ஒரு முடிச்சைப் பிளேடால் கீறினேன். உள்ளே ஒரே அறை, அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே புழு. நெஞ்சுப் பகுதியின் அடியில், முனை இரண்டாகப் பிளந்த ஒரு பழுப்புத் தகடு. செசிடோமயிடே, அதாவது முடிச்சு ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அது போதும். நெல்லில் ஆனைக்கொம்பன், மல்லிகையில் மொட்டு ஈ, இரண்டும் இதே குடும்பம்தான். பயிரைத் தொட்டவற்றுக்குப் பெயர் உண்டு, மருந்தும் உண்டு. காட்டுச் செடியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பெயரில்லாமலே கிடக்கின்றன.

தோட்ட வேலை செய்யும் அக்கா நின்று பார்த்தார். "ஏம்மா, நல்ல இலையெல்லாம் வுட்டுட்டு நோவு புடிச்சதா பாத்துப் பறிக்கிறியே?"

"நோவு இல்லக்கா. உள்ள ஒரு குட்டி ஈ வளருது."

"ஈயா? இம்மாத்தூண்டுலயா?" லென்சை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்துக் கிளைகளை இனி வெட்ட மாட்டேன் என்று அவராகவே சொன்னார். பெரிய உதவி.

ஆகஸ்ட் 23

ஈரத் துணி போட்ட டப்பாக்களில் இலைகளை வைத்திருக்கிறேன். வந்தவை எல்லாம் குளவிகள். பச்சை மினுமினுப்போடு சில, கருப்பாகச் சில. ஈயின் புழுவைத் தின்று வளர்ந்து, அதே முடிச்சைத் துளைத்து வெளியே வரும் ஒட்டுண்ணிகள். முடிச்சு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். குளவிகளையும் தேதி போட்டு எத்தனாலில் வைத்தேன். அவற்றிலும் பெயரில்லாதவை இருக்கலாம்.

செப்டம்பர் 4

விடிவதற்கு முன்பே டப்பாவைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஆண் ஈ ஒன்று மூடியில் உட்கார்ந்திருந்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அது வந்த முடிச்சில், துளையிலிருந்து பாதி வெளியே துருத்திக்கொண்டு, வெண்மையான கூட்டுப்புழுத் தோல் ஒட்டியிருந்தது. அந்தத் தோலையும் எடுத்து வைத்தேன்.

மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால் இதைவிடச் சுலபமாக ஈ கிடைக்கும், உண்மைதான். ஆனால் தட்டில் விழுந்தது ஊர் பேர் தெரியாத ஆள். முடிச்சிலிருந்து வருவது முகவரியோடு வருகிறது. எந்தச் செடி, எந்த உறுப்பு, எந்த மாதம், புழு எப்படி இருந்தது, எந்தக் குளவி அதைத் தின்றது, எல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது. வெப்பமண்டல ஈக்களை விவரிப்பதில் இதற்குத்தான் முதலிடம் என்று நான் நினைக்கிறேன். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

செப்டம்பர் 20

ஸ்லைடு நாள். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, கழுவி, படிப்படியாக எத்தனாலில் நீரெடுத்து, கிராம்பு எண்ணெயில் இட்டு, கடைசியில் கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் பதித்தேன். தலை, இறக்கை, வயிற்றின் நுனி என்று தனித்தனிக் கவர் ஸ்லிப்பின் கீழ். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை. இறக்கை ஒரு மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். செப்டம்பர் மாதச் சென்னையில் விசிறி இல்லாமல் உட்காருவது எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த உணர்கொம்பு! பன்னிரண்டு கணுக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ், நடுவே மெல்லிய கழுத்து. குமிழ்களைச் சுற்றி, தொட்டும் தொடாமலும், கண்ணாடி போன்ற நூல் வளையங்கள். இந்த வளையங்கள் இக்குடும்பத்து ஈக்களுக்கு மட்டுமே உண்டு. ஃபோகஸைச் சற்றே திருகினால் ஒரு வளையம் மறைந்து அடுத்தது எழும். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வயிற்று நுனிக்குப் போனேன். இனத்தைப் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புத்தான்; பற்றுறுப்பின் வளைவு, நுனிப் பல்லின் அமைப்பு, நடுத் தகட்டின் பிளவு. இந்தப் பிளவு நான் ஒப்பிட்ட எதிலும் இல்லாத அளவுக்கு ஆழமாக இருக்கிறது.

அக்டோபர் 15

கனமழை. கல்லூரிகளுக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து பட்டியல் பார்த்தேன். ரேமண்ட் கேனியேவும் மத்தியாஸ் யாஷ்ஹோஃபும் தொகுத்த உலகப் பட்டியலில் இக்குடும்பத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஆனால் கனடாவில் டிஎன்ஏ பார்கோடை, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு டிஎன்ஏ துண்டை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, அந்த ஒரு நாட்டிலேயே 16,000 இனங்கள் இருக்கலாம் என்றது. உலக அளவில் 18 லட்சம் வரை போகலாம் என்றும் சொன்னது. குளிர்நாட்டிலேயே அப்படி என்றால் நம் காடுகளில் எவ்வளவு இருக்கும்?

இந்தியாவில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர்களில் பூச்சியியலாளர் எம். எஸ். மணி முக்கியமானவர். அவர் பெயரிட்ட இனங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் 'புதிது' என்று யாரும் சொல்ல முடியாது. பழைய விவரிப்புகள் பலவும் நிறம், நீளம், கணுக்களின் எண்ணிக்கை என்று சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. அன்றைக்குத் தெரிந்த இனங்களுக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கு மூல மாதிரியையே, அதாவது பெயரிடும்போது ஆதாரமாக வைத்த அதே பூச்சியையே பார்த்தாக வேண்டும். எனக்குப் பின்னால் வருபவருக்கு அந்தச் சிரமம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் புழு, கூட்டுத் தோல், ஆண், பெண், இலை எல்லாவற்றையும் வரைந்து வைக்கிறேன்.

நவம்பர் 8

சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குப் போனேன். மாதிரிகளை ஒப்படைப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிய இனம் கண்டவர் அதை நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். நல்ல சட்டம். தனியார் அலமாரியில் ஒரு மூல மாதிரி இருந்தால் அந்த ஆளோடு அதுவும் போய்விடும்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். மின்சாரம் இல்லை. ஸ்லைடுப் பெட்டியையும் நுண்ணோக்கியின் லென்ஸ்களையும் சிலிகா ஜெல்லோடு இறுக மூடி வைத்தேன். இந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் பெண் ஈயின் முட்டையிடும் குழலைப் பேனாவால் வரைந்து முடித்தேன்.

டிசம்பர் 14

பார்கோடு முடிவு வந்தது. டிஎன்ஏவின் 658 எழுத்துகள். புழு, ஆண், பெண் மூன்றும் ஒன்றே. பொதுத் தரவுத்தளத்தில் நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லை. கட்டுரையை அனுப்பிவிட்டேன். விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் ஆயிற்று. மின்னிதழில் வரும் பெயர்களுக்கு 2012 முதல் அது கட்டாயம்.

பெயர் என்ன என்று கேட்பீர்கள். இங்கே எழுதப் போவதில்லை. விவரிப்போடு முறையாக வெளியாகும்வரை வெறும் பெயருக்கு விதிப்படி மதிப்பில்லை, வீண் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது தெரிய வேண்டியது இந்த ஈ வேறு எங்கே இருக்கிறது என்பது. நன்மங்கலம், வண்டலூர் பக்கம் நடப்பவர்கள் காயா மரத்தைப் பார்த்தால் இளம் இலையைத் திருப்பி ஒரு படம் எடுத்து, இடமும் தேதியும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பறிக்க வேண்டாம், காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறிக்கவும் கூடாது. முடிச்சே இல்லாத மரமாக இருந்தாலும் சொல்லுங்கள், அதுவும் எனக்குத் தகவல்தான்.