மின்னல் விழுந்த நேரத்தை முதலில் கேளுங்கள்: மேல் வளிமண்டல வைவாவை இரண்டாம் முறையில் கடந்த அனுபவம்

நேற்று மாலை தேர்ச்சிக் கடிதம் கைக்கு வந்தது. ஆறு மாதங்களுக்கு முன் இதே கம்ப்ரிஹென்சிவ் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் தோற்றேன். அன்று வந்த கடிதத்தில் ‘தயாரிப்பு போதவில்லை’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எந்த இடத்தில் போதவில்லை என்று கேட்டபோதும் யாரும் விளக்கம் தரவில்லை. அந்த மனக்குறை இன்னும் முழுவதும் ஆறவில்லை. இதே தலைப்போடு அடுத்து அந்த அறைக்குள் போகிறவர்களுக்கு என் நிலை வரக் கூடாது என்பதற்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வி.எல்.எஃப். (மிகத் தாழ் அதிர்வெண் ரேடியோ அலை) ஆய்வுக் குழுவைப் பல ஆண்டுகள் நடத்திய உம்ரான் இனானின் ஆய்வுகள்: மின்னல், தனக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தையும் (வளிமண்டலத்தின் மின்னேறிய மேல் பகுதி) அதற்கும் அப்பால், பூமியின் காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சிக்கியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளையும் எவ்வாறு பாதிக்கிறது என்பது. முதல் முறை நான், இடிமேகங்களுக்கு மேலே கணநேரம் தோன்றும் ஒளிர்வுகளான ஸ்பிரைட், எல்வ்ஸ், நீல ஜெட் ஆகியவற்றின் உயரங்களையும் நிறங்களையும் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இப்படியான ஒளிர்வு இருக்கும் என்று 1925இல் இயற்பியலர் சி.டி.ஆர். வில்சன் முன்கூட்டியே சொன்னது, 1989 ஜூலை 6 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஸ்பிரைட்டைத் தற்செயலாகப் படம்பிடித்தது என எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூடத் தேர்வுக் குழு கேட்கவில்லை.

ஒரு வரைபடத்தை மேசையில் வைத்தார்கள். தரைக்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே எதிரொளித்து வரும், தொலைவில் உள்ள வி.எல்.எஃப். ஒலிபரப்பியின் சமிக்ஞை, இரவு நேரத்தில் அரை டெசிபெல் அளவுக்குச் சட்டெனச் சரிந்து, ஏறத்தாழ நாற்பது வினாடியில் பழைய நிலைக்கு மெல்லத் திரும்பியிருந்தது. “இது என்ன?” என்றார் குழுத் தலைவர். மின்னல் தூண்டிய எலக்ட்ரான் பொழிவு என்று உடனே சொல்லிவிட்டேன். “மின்னல் எப்போது விழுந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார் அவர். அதற்குப் பின் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

இந்தத் தலைப்புக்கு நான் சொல்லக்கூடிய வழிகாட்டல் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. மின்னலுக்கும் சமிக்ஞை மாற்றத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கேளாமல் வாயைத் திறக்காதீர்கள். இடைவெளி ஏறத்தாழ 20 மில்லி வினாடிக்குள் இருந்தால், மின்னல் தனக்கு மேலே உள்ள டி அடுக்கை (அயனி மண்டலத்தின் அடி அடுக்கு) நேரடியாகவே கலைத்திருக்கிறது என்று பொருள். இதை விரைவு நிகழ்வு என்கிறோம். இடைவெளி அரை வினாடி, ஒரு வினாடி என்று இருந்தால் கதை வேறு. மின்னலின் ரேடியோ ஆற்றலில் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து, விசிலர் எனப்படும் தாழ் அதிர்வெண் அலையாகக் காந்த மண்டலத்துக்குள் (பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளி) சென்று, அங்கே கதிர்வீச்சுப் பட்டையில் சிக்கியுள்ள எலக்ட்ரான்களோடு சைக்ளோட்ரான் ஒத்திசைவில் (அலையின் தாளமும் எலக்ட்ரான் சுழலும் தாளமும் பொருந்தும் நிலை) சந்தித்து, காந்தக் கோட்டைச் சுற்றி அவை சுருண்டு செல்லும் கோணத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. அப்படித் தடம் மாறியவை வளிமண்டலத்துக்குள் கொட்டி, 85 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் புதிய அயனியாக்கத்தை உண்டாக்குகின்றன; இதுதான் பொழிவு நிகழ்வு. இந்தச் சுற்றுப் பயணத்துக்குத்தான் அந்த ஒரு வினாடி. சமிக்ஞை மீளும் காலம் இரண்டிலும் பத்து முதல் நூறு வினாடி என்ற அளவிலேயே இருப்பதால், வளைகோட்டின் வால் பகுதியைப் பார்த்து விடை சொல்கிறவர் தவறாமல் சறுக்குவார். நான் சறுக்கியது அங்கேதான்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது இடம். விரைவு நிகழ்வில் மின்னல், ஒலிபரப்பியையும் ஏற்பியையும் இணைக்கும் பாதைக்கு மிக அருகில் விழுந்திருக்கும். பொழிவு நிகழ்விலோ, பாதிக்கப்பட்ட பகுதி மின்னல் விழுந்த இடத்திலிருந்து துருவப் பக்கமாக விலகி நிற்கும். இதைக் காட்டுவதற்காகவே இனானின் குழு கொலராடோவிலும் அண்டை மாநிலங்களிலும் உள்ள பள்ளிகளில் ஏற்பிகளை வரிசையாக நிறுவியது. பள்ளிக்கூடக் கூரையில் ஓர் ஆன்டெனாவை வைத்துக் கதிர்வீச்சுப் பட்டையைக் கவனிக்க முடிந்தது என்பது இத்தனை மாதங்களுக்குப் பிறகும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

விரியும் ஒளி வளையமான எல்வ்ஸ் பற்றி அவசியம் கேட்பார்கள். மின்னலின் மின்காந்தத் துடிப்பு டி அடுக்கைச் சூடாக்கி அயனியாக்கும் என்று இனான், பெல், ரோட்ரிகஸ் மூவரும் 1991இல் கணித்தனர். துடிப்பு 90 கிலோமீட்டர் உயரத்தை எட்ட 0.3 மில்லி வினாடி ஆகிறது. பிறகு ஒளி வளையம் பக்கவாட்டில் விரிகிறது. அந்த விரிவு ஒளியைவிட வேகமாகத் தெரிவது சார்பியலுக்கு முரண் இல்லையா என்று என்னிடம் கேட்டார்கள். கோள வடிவில் விரியும் அலை ஒரு கிடைத்தளத்தை வெட்டும் கோடுதான் அந்த வளையம். எந்தப் பொருளும் அங்கே நகரவில்லை. ஆரத்தின் சூத்திரத்தை எழுதி வகையீடு செய்து காட்டியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஸ்பிரைட்டுக்கு ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். மின்னூட்டத் திருப்புத்திறன் (மின்னல் அகற்றிய மின்னூட்டத்தையும் அது இருந்த உயரத்தையும் பெருக்கியது) 1000 கூலும்-கிலோமீட்டர் என்று கொண்டு, தரையின் எதிரொளிப்பு மின்னூட்டத்தையும் சேர்த்தால், 75 கிலோமீட்டரில் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 85 வோல்ட் வரும். அங்கே காற்று முறிவுக்கு, அதாவது காற்று மின்கடத்தியாக மாறுவதற்கு, தேவைப்படுவது 100 வோல்ட் அளவு. 60 கிலோமீட்டரில் மின்புலம் 166 வோல்ட்டாகக் கூடினாலும், தேவை 800 வோல்ட் அளவுக்கு ஏறிவிடுகிறது. மின்புலம் உயரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறைகிறது, காற்றின் அடர்த்தியோ அடுக்குக்குறியாகக் குறைகிறது. ஸ்பிரைட் ஏன் மேகத்தை ஒட்டித் தொடங்காமல் அத்தனை உயரத்தில் தொடங்குகிறது என்பதற்கு இந்த இரண்டு கோடுகளும் நெருங்கும் இடமே விடை.

கடைசி வாரத்துக்கு:
- ஒரே தாளில் மடக்கை நேர அச்சு. மைக்ரோ வினாடி முதல் ஒரு மணி நேரம் வரை எல்லா நிகழ்வுகளும் அதில்.
- இரவில் டி அடுக்கின் குறிப்பு உயரம் 87 கிலோமீட்டரை ஒட்டி, பகலில் 74ஐ ஒட்டி. காரணத்தோடு.
- ஸ்பிரைட்டின் சிவப்பு, நைட்ரஜன் மூலக்கூறு உமிழும் ‘முதல் நேர்ப் பட்டை’ ஒளி. கீழே இறங்க இறங்க அது ஏன் அணைகிறது என்பது.
- ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் படியுங்கள். தொகுப்புக் கட்டுரையில் தொடங்காதீர்கள்.

நண்பர்களோடு சேர்ந்து படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் மெதுவாக யோசிப்பவள். பிறர் வேகமாக விடை சொல்லும் அறையில் எனக்குக் கேள்வியே மனத்தில் பதிவதில்லை. விடியற்காலையில், தனியாக, பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நிகழ்வையும் நேர அச்சில் வரைந்து வரைந்து அழித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. வைவா அறையிலும் தாள் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இரண்டாம் முறை வேறொரு வரைபடம் வந்தது. மின்னல் நேரம், நேர முத்திரையின் துல்லியம், பாதையிலிருந்து தூரம் ஆகிய மூன்றையும் கேட்ட பிறகே பேசினேன். விரைவு நிகழ்வு என்று உறுதியானதும், “ஆனால் இது மீள இருபது நிமிடம் ஆகிறதே” என்றார் ஒருவர். மின்னல் உண்டாக்கிய கலைவு வழக்கத்தைவிடத் தாழ்வான உயரங்களுக்கு இறங்கியிருந்தால், அங்கே எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு விரைவில் ஒட்டிக்கொண்டாலும், எஞ்சும் கனமான அயனிகள் ஒன்றையொன்று நடுநிலையாக்க நிமிடக் கணக்கில் ஆகும் என்ற விளக்கத்தைச் சொன்னேன். 2007இல் லெஹ்டினெனும் இனானும் ராட்சத ஜெட்களை (மேக உச்சியிலிருந்து அயனி மண்டலம் வரை எழும் மின்னிறக்கங்கள்) வைத்துச் செய்த கணிப்பை அதற்கு ஆதாரமாகக் காட்டினேன். குழு அந்த ஒரு கேள்வியிலேயே கால் மணி நேரம் நின்றது. நீண்ட மீட்சி நிகழ்வுகளுக்கு உங்கள் குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.