கப் கிரீக்: கோட்டில் வந்து சேர்ந்தது, உள்ளே வரவில்லை

அமெரிக்க அரசாங்கத்தின் பழைய நில அளவை ஷீட் ஒன்றை இன்றைய சாட்டிலைட் படத்தோடு பொருத்தப் போய், அதில் வரும் கப் கிரீக் என்ற ஓடையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நேற்று ராத்திரிதான் வழிக்கு வந்தது. முழுசாக வரவில்லை, ஆனால் ஏன் வராது என்பது பிடிபட்டுவிட்டது. அந்த ஜோரில் எழுதுகிறேன். விஷயம் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட ஷீட்: நெப்ராஸ்கா, கேஜ் கவுண்டி, ஆறாவது பிரின்சிபல் மெரிடியன், டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு. (டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம்; அதற்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 செக்‌ஷன். மெரிடியனும் எண்களும் அதன் முகவரி.) ஆயிரக்கணக்கில் ஷீட் கிடக்கையில் இது ஏன் என்றால், இதன் செக்‌ஷன் 26-ல்தான் டேனியல் ஃப்ரீமன் நிலம் இருக்கிறது. குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை தந்த ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே போய்ப் பதிந்தவர். 160 ஏக்கர் என்றதும் கால் செக்‌ஷன், நல்ல சதுரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் எடுத்தது நாற்பது நாற்பது ஏக்கராக நாலு துண்டு. மூன்று துண்டு வரிசையாக, நடுத்துண்டின் தலையில் இன்னொன்று. கவிழ்த்து வைத்த டி எழுத்து மாதிரி. முதலில் படத்தில் பார்த்தபோது நான்தான் எங்கோ தப்பாக வெட்டிவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே டி. அதன் ஊடாகத்தான் கப் கிரீக் போகிறது. மரமில்லாத புல்வெளி நாட்டில் ஓடையும் ஓடைக்கரை மரமும் இருக்கும் துண்டாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார் மனுஷர்.

சர்வே ஷீட்டை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் உட்கார வைத்து, டி வடிவத்தைச் சிவப்பில் போட்டு, ஓடை அதற்குள் நுழைந்து வெளியேறுவதைக் காட்டி, பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

முதல் முட்டாள்தனம்: ஆறு மைலுக்கு ஆறு மைல் கச்சிதமான கட்டம் ஒன்றை நானே வரைந்து, 36 செக்‌ஷன் மூலைகளையும் அதில் கொண்டுபோய்ப் பூட்டினேன். தெற்கிலும் கிழக்கிலும் அழகாக உட்கார்ந்தது. வடமேற்கு மூலைக்குப் போகப்போக இழுத்துக்கொண்டே போனது. காரணம் தெரிந்ததுதான், தெரிந்தும் செய்தேன். தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்கும். இந்த அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் கீழ்விளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் அகலத்தில் 40 அடி வித்தியாசம் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது போக, சர்வேயர் வேலையை ஆரம்பிப்பது தென்கிழக்கிலிருந்து. செக்‌ஷன் 35-க்கும் 36-க்கும் நடுவே வடக்கு நோக்கிக் கோடு ஓட்டி, ஒவ்வொரு வரிசையாக மேற்கே நகர்வார். சேர்ந்த பிழை எல்லாவற்றையும் வடக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் உள்ள அரை மைலில் கொட்டிவிடச் சொல்லி விதியே இருந்தது. வீடு பெருக்கிக் குப்பையை ஒரு மூலையில் ஒதுக்குவது மாதிரி. அந்தக் குப்பை மூலையைத்தான் நான் சதுரமாக்கப் பார்த்தேன்.

கட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமெரிக்க நில நிர்வாகத் துறை வெளியிடும் செக்‌ஷன் மூலைகளின் அடுக்கை (லேயர்) இறக்கி, அதிலிருந்தே கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது பழைய ஷீட்டை இன்றைய படத்தில் பூட்டும் புள்ளிகளை எடுத்தேன். ஆயத்தொலைவு முறை யூடிஎம், மண்டலம் 14 வடக்கு. செக்‌ஷன் கோடுகள் மேலேயே பெரும்பாலும் மண்சாலை போட்டிருப்பதால் சாட்டிலைட் படத்தில் சாலைச் சந்திப்பைப் பார்த்தே மூலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1805-ல் போட்ட சட்டப்படி, அரசாங்க சர்வேயர் மூலைக்கம்பத்தை எங்கே நட்டாரோ அதுதான் மூலை. அளவு தப்பாக இருந்தாலும் நட்டது நட்டதுதான். ஆக, வளைந்து நெளிந்து போகும் அந்தக் கோடுதான் சட்டப்படி நேர்க்கோடு.

இப்போது மூலைகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. சராசரிப் பிழை 9 மீட்டர். ஷீட் வரைந்த அளவு 40 செயினுக்கு (ஒரு செயின் என்பது 66 அடிச் சங்கிலி) ஒரு அங்குலம், அதாவது 1:31,680. அந்த அளவில் பேனாக் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் 15 மீட்டரைத் தாண்டும். அதற்குள் 9 மீட்டர் என்பது எனக்குப் பெருமைதான், காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் ஓடை? செக்‌ஷன் 26-க்குள் கப் கிரீக் எங்கோ ஒரு பக்கம் போகிறது, ஷீட்டில் இன்னொரு பக்கம் போகிறது. சில இடங்களில் 150 மீட்டர் வித்தியாசம். சரி, தின் பிளேட் ஸ்ப்ளைன் (படத்தை ரப்பர் மாதிரி இழுத்து வளைக்கும் கணக்கு) போட்டு வளைத்துப் பார்ப்போம் என்று ஓடையின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புள்ளி குத்தினேன். ஓடை சேர்ந்தது. பக்கத்து செக்‌ஷன் கோடு இடியாப்பம் ஆனது. புள்ளியைக் குறைத்தால் கோடு நிமிர்கிறது, ஓடை ஓடிவிடுகிறது. இரண்டு வாரம் இதே பாடு. இன்னொரு வளைக்கும் கணக்கான மூன்றாம் படிப் பாலினோமியலையும் விட்டுவைக்கவில்லை. அதைச் செய்யாதீர்கள், ஓரங்களில் டவுன்ஷிப் அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் அந்த சர்வேயரின் களக்குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பயந்துதான் ஒதுக்கி வைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் உறைத்தது: சர்வேயர் செக்‌ஷனுக்குள் போகவே இல்லை. அவர் நடந்தது கோட்டின் மேல் மட்டும். கோடு ஓடையை வெட்டும் இடத்தில் ‘இத்தனை செயின் இத்தனை லிங்க், ஓடை, அகலம் இவ்வளவு, இந்தத் திசையில் ஓடுகிறது’ என்று எழுதிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஷீட்டில் அழகாக நெளிந்து போகும் ஓடை, கண்ணுக்குத் தெரிந்ததை வைத்தும் உத்தேசமாகவும் அலுவலகத்தில் இழுத்த கோடு. ஒப்பந்தக் கூலி மைல் கணக்கில். கோட்டை விட்டு உள்ளே நடந்தால் யார் காசு தருவார்? (கோட்டின் மேலும் நடக்காமலே குறிப்பேட்டை நிரப்பிக் காசு வாங்கிய கதை தனி. கலிஃபோர்னியாவில் ஜான் பென்சன் கும்பல் அதை ஒரு தொழிலாகவே நடத்தியது.)

ஆக, நான் இரண்டு வாரமாகச் சாட்டிலைட் படத்தோடு பொருத்தப் பார்த்தது யாரோ கையால் வரைந்த உத்தேசத்தை. பொருத்திப் பார்க்க வேண்டியது ஓடை கோட்டை வெட்டும் புள்ளிகளை மட்டும்தான்.

அதையும் உடனே சரியாகச் செய்தேனா? இல்லை. செயினையும் லிங்கையும் மீட்டராக்கும் எக்செல் தாளில் ஒரு பூச்சி. 23 செயின் 4 லிங்க் என்பதை 23.4 என்று அடித்திருக்கிறேன். நூறு லிங்க் ஒரு செயின், ஆகவே அது 23.04. ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். அந்தப் புள்ளி ஒன்றில் மட்டும் 7 மீட்டர் தள்ளிப்போனது. இத்தனைக்கும் நம்மூர்ப் பழைய எஃப்எம்பி (நில அளவைப் புலப்படம்) பார்த்துப் பழகிய கை இது. அதிலும் இதே 66 அடி கன்ட்டர் சங்கிலி, இதே லிங்க். நாம் தினமும் பேசும் ஒரு சென்ட் என்பதே 1000 சதுர லிங்க்தான். தெரிந்தும் அடித்தேன். இப்போது செயினுக்கு ஒரு பத்தி, லிங்குக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

திருத்திப் போட்டதும், செக்‌ஷன் 26-ஐச் சுற்றிய எல்லைக் கோடுகளில் ஓடை வெட்டும் இடம் ஒன்றைத் தவிர எல்லாமே இன்றைய ஓடையிலிருந்து 20 மீட்டருக்குள். அந்த ஒன்று 60 மீட்டர் தள்ளி. 160 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஓடை நகர்ந்திருக்கலாம் என்று அதன் தலையில் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் நெளிவை ஷீட்டில் உள்ளபடியே விட்டுவிட்டு, மங்கலான நீலத்தில் புள்ளிக்கோடாகக் காட்டப் போகிறேன். வெட்டும் புள்ளிகள் மட்டும் அழுத்தமான நீலம்.

பிரிண்ட் விஷயம். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுத்துப் பார்த்தேன், மெல்லிய கோடெல்லாம் திட்டுத் திட்டாகிவிட்டது. கட்டிட பிளான் அடித்துத் தரும் கடைதான் இதற்கு லாயக்கு. மேட் காகிதம் கேளுங்கள், பளபளப்பு வேண்டாம். பழைய ஷீட்டின் பழுப்பு நிறத்தை அப்படியே அனுப்பினால் மை குடித்துத் தீர்க்கும், காசும் ஏறும். பின்னணியை வெள்ளையாக்கிவிட்டு அனுப்புங்கள்.

இது முடியும் முன்பே அடுத்ததில் கை வைத்துவிட்டேன். சாட்சி மரங்கள். மூலைக்கம்பம் அழிந்தாலும் இடம் தெரியட்டும் என்று பக்கத்து மரத்தின் வகை, விட்டம், திசை, தூரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் காடு முன்பு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கச் சூழலியல்காரர்கள் இன்றும் இதைத்தான் புரட்டுகிறார்கள். இந்த ஷீட்டில் மரம் குறித்த மூலைகளை மட்டும் தனி அடுக்காக்கினால் அது கிட்டத்தட்ட ஓடைகளின் படமாகவே வருகிறது. மற்ற மூலைகளில் மரமே இல்லை. கம்பம், மண்மேடு.

இன்னொரு அடுக்கும் வேண்டும் என்று தோன்றியது, டி வடிவத்தைச் சிவப்பில் போட்டபோது. அந்த நிலம் அரசாங்கத்துக்கு வந்த தேதி. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான ஓட்டோ-மிசௌரியா மக்களோடு 1854 மார்ச் 15-ல் ஒப்பந்தம். மே மாதம் அந்தப் பகுதியைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்ட கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம். அந்த வருஷம் முடிவதற்குள் 40-வது அட்சரேகையில் அடிக்கோடு (டவுன்ஷிப்புகளை எண்ணத் தொடங்கும் கோடு) ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவசரத்தில் ஓட்டியது தப்பாகி, அடுத்த வருஷம் சர்வேயர் சார்லஸ் மேனர்ஸ் சரிசெய்தார். ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று விட்டது பிக் புளூ ஆற்றோரம் பத்து மைலுக்கு இருபத்தைந்து மைல். இந்த ஷீட்டுக்குத் தெற்கே, கேஜ் கவுண்டியின் அடிப்பகுதியில். அதையும் பிறகு விற்று, 1881-ல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஃப்ரீமன் நிலத்தை மட்டும் தனியாக மாட்டினால் படம் பாதிதான்.

அதனால் காகித அளவு மாறுகிறது. ஒரு டவுன்ஷிப் அல்ல, தெற்கே மாநில எல்லை வரை நாலு. கீழ் ஷீட்டுகளை நேற்றே இறக்கிவிட்டேன். ஒன்றில் ஸ்கேன் எடுக்கும்போது தாளின் தென்மேற்கு மூலை மடிந்திருக்கிறது. நல்லவேளை, அது குப்பை சேரும் வடமேற்கு மூலை இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.