தண்ணீர் நின்ற மட்டம்

போர் முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுத்திட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தேன். எங்கள் கையில் இருந்த மாதிரிப் படத்தில், வீட்டின் தளம் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் என்று போட்டிருந்தது. எந்த நிலத்திலிருந்து? மேட்டுச் சிவப்பு மண்ணிலும் ஒன்றரை அடிதான், வயலோரக் களியிலும் ஒன்றரை அடிதான்.

வெள்ளம் வரும் இடத்துக்கு அளவை நிலத்திலிருந்து எடுக்கக்கூடாது, தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்று ஒரு மட்டம், அதற்கு மேல் கொஞ்சம் காப்பு, அதன்மேல் தளம். அமெரிக்காவில் ஒரு வருடத்தில் வருவதற்கு 1 வீத வாய்ப்புள்ள வெள்ளத்தை வைத்து அந்த மட்டத்தைக் குறிக்கிறார்கள். 1 வீதம்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த வீட்டில் 30 வருடம் இருந்தால் ஒரு தடவையாவது அது வருவதற்கு 26 வீத வாய்ப்பு இருக்கிறது.

சரி, வன்னியில் அந்த மட்டத்தை யாரிடம் கேட்பது? ஊரில் மூத்தவர்களிடம்தான். ஆனால் இடம்பெயர்வு அந்த நினைவையும் கலைத்துப் போட்டிருந்தது. வெள்ளம் பார்த்தவர்கள் பலர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை. காணிக்கு வந்தது முகாமில் வளர்ந்த பிள்ளைகள். அதோடு போர்க்காலத்தில் பராமரிப்பில்லாமல் கட்டு உடைந்து கிடந்த சிறுகுளங்கள் பல. தண்ணீர் நிற்காத குளத்தின் அலைகரை, அதாவது குளம் நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும் ஓரம், பார்ப்பவருக்கு நல்ல தரைக்காணி மாதிரித்தான் தெரியும். பிறகு குளத்தைத் திருத்தி, மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் வானையும் பழைய உயரத்துக்குக் கட்டினால் தண்ணீர் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு காணியில் அத்திவாரக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு அம்மா வேலிக்கு அருகில் வந்து நின்றார். “தம்பி, குளம் நிரம்பினா அந்தப் பாலைமரத்தின்ரை அடி நனையும். நீங்கள் இதிலை வெட்டுறியள்.” வீட்டுக்காரப் பொடியன், “அது அந்தக் காலம் சேர்” என்று சிரித்தான். மேசனிடம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் இருந்தது. ஒரு முனையை மரத்தடியிலும் மறுமுனையைக் கிடங்கிலும் பிடித்துப் பார்த்தோம். கிடங்கடி நிலம் மரத்தடியைவிடத் தாழ்வாக இருந்தது. வீட்டை அதே காணிக்குள் வீதிப்பக்க மேட்டுக்கு நகர்த்தினோம். அந்த அம்மாவின் கணக்கு எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. ஏற்றுவதற்கு அதில் ஒரு கோடுகூட இல்லை.

தளத்தை உயர்த்தச் சொல்வது சுலபம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த 550,000 ரூபாதான் அப்போது எல்லோர் வாயிலும் இருந்த கணக்கு. அத்திவாரத்தில் ஒரு அடி கூட்டினால் கருங்கல், சீமெந்து, உள்ளே நிரப்பக் கிரவல் என்று எல்லாம் கூடும், கடைசியில் யன்னலுக்குக் காசு இருக்காது. கதவுக்குப் பதில் தகரம் சாத்திக்கொண்டு உயரமான தளத்தில் இருந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததுதான் சரி. கதவைப் பிறகு போடலாம், தளத்தை யார் பிறகு தூக்குவது? ஆனால் நிரப்புவதை அரை அடி அரை அடியாக நனைத்து இடிக்க வேண்டும். குளத்துக் களியை அள்ளிக் கொட்டிய வீடுகளில் அடுத்த கோடைக்கே தளம் வெடித்தது.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். அத்திவாரத்துக்கு மேல் சுவருக்கு அடியில் சுற்றிவரக் கொங்கிறீற் வளையான பிளின்த் பீம் போட்டிருந்த வீடுகள் நின்றன, சிலவற்றில் மூலைக்கடியில் மண் மட்டும் அரித்திருந்தது. விழுந்து கிடந்தவை பெரும்பாலும் நாலு அங்குலக் கல்லில் கட்டிய கொட்டில்கள், மதில்கள். வெளியே ஒரு மீற்றர் தண்ணீர், உள்ளே வெறுமை என்றால் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் கிட்டத்தட்ட 500 கிலோ தள்ளும். அந்தச் சுவர் அதைத் தாங்காது. வெள்ள மட்டத்துக்குக் கீழே வரும் அடைப்புகளில், தண்ணீர் தானாக உள்ளே போய் வரத் துவாரம் விடும்படி அமெரிக்க விதிகள் கேட்பது இதற்காகத்தான். நம் சனத்துக்கு இதைச் சொன்னால், “தண்ணியை நாங்களே கூப்பிடுறதோ?” என்று கேட்பார்கள்.

பிளக் பொயின்றை நாலடிக்கு ஏற்றுவதற்குப் பெரிய செலவில்லை, அதைக்கூடப் பலர் செய்வதில்லை. மலசலகூடக் குழிதான் பெரிய தலையிடி. கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி வெட்டியிருந்தாலும், வெள்ளம் இரண்டுக்கும் மேலால் போகும்போது அந்தத் தூரத்தால் பயனில்லை. குழியின் மூடியும் கிணற்றுக் கட்டும் வெள்ள மட்டத்துக்கு மேல் வரவேண்டும்.

வீட்டுக்காரர் எதுவும் செய்ய முடியாத விசயமும் ஒன்று உண்டு: வீதி. கிரவல் போட்டு உயர்த்திய உள்வீதிகளில் மதகு சின்னதாகப் போனால் வீதியே குளக்கட்டாகிவிடும். இரண்டடித் தளம் கட்டிய வீடு, மூன்றடி உயர்ந்த வீதிக்குப் பின்னால் பள்ளத்தில் நிற்கும். அயலவன் காணியை நிரப்பினாலும் இதே கதைதான்.

இப்போதும் யாராவது வீட்டுப்படம் கொண்டுவந்தால், தண்ணீர் எதுவரை நின்றது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். “தெரியாது சேர், நாங்கள் 2010இலைதான் வந்தனாங்கள்” என்பார்கள். அப்புறம் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் பழைய ஆட்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். வான் பாயும்போது எந்த மதகு மூடும், எந்தக் கோயில் படி நனையும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் படியிலிருந்து குழாய் பிடித்துத் தளத்தின் உயரத்தைப் படத்தில் எழுதுகிறேன்.